கதவு எண் கொடுத்த தாடிக்காரர்

அபிராமபுரத்தில் ஒரு வீட்டைத் தேடி அலைந்திருக்கிறீர்களா? வாசல் பலகையில் இரண்டு எண்கள் இருக்கும். பழைய எண் 12, புதிய எண் 27. அப்பாடா என்று உள்ளே போனால், 'நீங்க தேடறது பழைய 27. நாலு வீடு தள்ளிப் போங்க' என்பார்கள். கூரியர் பையன்களைக் கேட்டால் கண்ணீர் விட்டுக் கதை சொல்வார்கள். எண்களுக்கா பஞ்சம்? இல்லை. யார் கொடுப்பது, எப்போது மாற்றுவது, கொடுத்ததை யார் குறித்து வைப்பது... தலைவலி அங்கேதான்!

கம்ப்யூட்டருக்கும் இதே தலைவலி உண்டு. இன்டர்நெட்டில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி. அதை ஒரு அபார்ட்மென்ட் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மெயில், வெப்சைட், ஃபைல் என்று ஆளாளுக்குத் தனித்தனி வேலை. வருகிற தபால் எந்த ஃப்ளாட்டுக்கு என்று தெரிய வேண்டாமா? அதற்கான கதவு எண்தான் 'போர்ட்'. 0 முதல் 65,535 வரை. வெப்சைட்டுக்கு 80, அதிலேயே பாதுகாப்பானதற்கு 443, மெயிலுக்கு 25.

இந்த எண்களையெல்லாம் யார் முடிவு செய்தது? பெரிய கமிட்டி, ஐ.நா. சபை என்று கற்பனை செய்யாதீர்கள். ஜான் போஸ்டல் என்று ஒருவர். நீண்ட தாடி, காலில் செருப்பு. பார்த்தால் நம்மூர் சாமியார் மாதிரி இருப்பார்! 1972 மே மாதம், லாஸ் ஏஞ்சலீஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, இன்டர்நெட்டின் தாத்தாவான 'ஆர்ப்பாநெட்'காரர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். ஆளுக்கொரு எண்ணை இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டால் குழப்பம் வரும், எண் வழங்க ஒரு ராஜா வேண்டும் என்றார். அந்த ராஜா தானாகவே இருக்கலாமோ என்று அடைப்புக்குறிக்குள் கூச்சத்தோடு ஒரு கேள்வியும் போட்டார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. முடிசூட்டு விழா அவ்வளவுதான்!

அந்தக் குறிப்பில் அவர் கொடுத்த எண்களைப் பாருங்கள்: 1, 3, 5, 7, 9. எல்லாமே ஒற்றைப்படை! ராசி பார்த்தாரா? இல்லை. அன்றைய முறையில் ஒரு கதவு ஒருவழிப் பாதை. பேச ஒன்று, கேட்க ஒன்று என்று இரண்டு வேண்டும். அதனால் எண்களை ஜோடியாகத்தான் ஒதுக்கினார்கள். 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் புதிய முறைக்கு மாறியது. ஒரே கதவில் போகவும் வரவும் முடிந்தது. இரட்டைப்படைக் கதவுகள் பல காலியாகவே கிடந்தன.

அதில் ஒன்று பிற்பாடு உலகப்புகழ் பெற்றது. 1995-ல் ஃபின்லாந்து பல்கலைக்கழகம் ஒன்றின் நெட்வொர்க்கில் யாரோ புகுந்து பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அங்கே இருந்த டாட்டு யுலோனென் என்பவர் கடுப்பாகி, திருட முடியாத 'எஸ்.எஸ்.ஹெச்.' என்ற பூட்டைச் செய்தார். 21-ல் ஃபைல், 23-ல் டெல்நெட், நடுவில் 22 காலி. அதைக் கேட்டு ஜூலையில் ஒரு மெயில் போட்டார். போஸ்டலும் அவருடைய சகா ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் பார்த்துக்கொண்டிருந்த எண் இலாகாவிலிருந்து மறுநாளே பதில். எடுத்துக்கொள்ளுங்கள்! மனு, சிபாரிசு, 'நாளைக்கு வாங்க' எதுவும் கிடையாது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 15 அன்றுதான் வி.எஸ்.என்.எல். நம் மெட்ராஸ் உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது.

சரி, ராஜா ஊருக்குப் பொதுவான எண்களைக் கொடுத்துவிட்டார். இனி சண்டையே வராதா? வரும். இப்போது, வீட்டுக்குள்ளேயே!

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் புரோகிராமைப் பரீட்சை பண்ண இன்னொரு புரோகிராம் எழுதுவார்கள். ராத்திரியில் நூற்றுக்கணக்கான பரீட்சைகள் தானாக ஓடும். ஒவ்வொன்றும் ஒரு குட்டி சர்வரைக் கிளப்பும். அது உட்கார ஒரு கதவு வேண்டும். எழுதியவர் பழக்க தோஷத்தில் 8080 என்று போட்டிருப்பார். ஒவ்வொன்றாக ஓடினால் பிரச்னையில்லை. நேரம் மிச்சம் பிடிக்க எட்டு பரீட்சையை ஒரே சமயத்தில் ஓட்டினால்? முதலில் வந்தவனுக்கு 8080. மற்றவர்களுக்கு 'இங்கே ஆள் இருக்கு' என்று பதில் வரும். பரீட்சை ஃபெயில்!

அதைவிட மோசம், இரண்டாவது பரீட்சை தன் சர்வர் என்று நினைத்து முதலாமவனின் சர்வரிடம் கேள்வி கேட்டுப் பாஸாகிவிடுவது. அடுத்த வீட்டுப் பையனின் மார்க் ஷீட்டில் அப்பா கையெழுத்துப் போட்ட கதை!

ஒரு புத்திசாலி, 'முதலில் கதவு காலியா என்று பார்த்துவிட்டு அப்புறம் பிடிக்கலாமே' என்பார். முகூர்த்த நாளில் மண்டபத்துக்கு போன் பண்ணிப் பாருங்கள். 'காலிதான் சார்' என்பார்கள். நீங்கள் அட்வான்ஸோடு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் இன்னொருவர் ரசீது வாங்கியிருப்பார். விசாரிப்பதற்கும் பிடிப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் எமன்.

மண்டபத்தை ஒருவர் காலி செய்ததும் உடனே அடுத்தவர் நுழையவும் முடியாது. எச்சில் இலை எடுக்க வேண்டும். போன கல்யாணத்துக்குத் தாமதமாக மொய்க் கவரோடு வருகிறவர் இந்தக் கல்யாணத்தில் கொடுத்துவிடக் கூடாது. கம்ப்யூட்டரிலும் அப்படியே. முடிந்துபோன பேச்சின் மிச்சத் தபால் புதியவரிடம் போய்ச் சேராமலிருக்க, 1981-ல் எழுதிய விதி நான்கு நிமிடம் காக்கச் சொல்கிறது. இன்றைய லினக்ஸ் ஒரு நிமிடம் காக்கிறது.

அப்படியானால் என்னதான் வழி? ரொம்ப எளிமை. எண்ணையே கேட்காதீர்கள்! 0 என்ற கதவு யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. '0 கொடு' என்றால், 'ஏதாவது ஒன்று கொடு' என்று அர்த்தம். ஆபரேட்டிங் சிஸ்டமே காலியான ஒன்றைத் தேடி, பார்த்த கணத்திலேயே உங்கள் பெயருக்கு எழுதிவிடும். பேங்க்கில் டோக்கன் வாங்குவது போல. கிடைத்த எண்ணைப் படித்து, வர வேண்டியவருக்குச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். லினக்ஸ் வழக்கமாக 32,768-லிருந்து 60,999 வரைக்குள் எடுத்துக் கொடுக்கும். 'யாரும் எடுக்க மாட்டார்கள்' என்று நம்பி 40,000-ஐ எழுதி வைக்கிறவர்கள் என்றைக்காவது மாட்டிக்கொள்வது அதனால்தான்.

இன்னொரு வழி அபிராமபுரம் வழி. பங்களாக்களை இடித்து ஃப்ளாட் கட்டிய பிறகு ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு 'எஃப்-1' இருக்கிறது. யாராவது சண்டை போடுகிறார்களா? ஒவ்வொரு பரீட்சையையும் 'கன்டெய்னர்' என்ற தனிக் கட்டடத்தில் அடைத்துவிட்டால் எல்லோருக்கும் சொந்தமாக ஒரு 8080!

இதிலென்ன குடி முழுகிப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். காரணமில்லாமல் அடிக்கடி ஃபெயிலாகும் பரீட்சையை நாளடைவில் யாரும் மதிக்க மாட்டார்கள். 'அது அப்படித்தான், இன்னொரு தடவை ஓட்டு' என்பார்கள். நிஜமான தப்பு வரும் நாளிலும் அதையேதான் சொல்வார்கள். அந்த சாஃப்ட்வேர் உங்கள் பேங்க் கணக்கைப் பார்ப்பதாகவும் இருக்கலாம். எண் குழப்பத்தில் போவது எண் அல்ல, நம்பிக்கை!

போஸ்டல் கதைக்கு வருவோம். 1998 ஜனவரி 28 அன்று, இணையப் பெயர்களுக்கு ஆதாரமான சர்வர்களை நடத்தியவர்களில் எட்டுப் பேருக்கு அவர் ஒரு மெயில் அனுப்பினார். இனிமேல் அரசாங்க ஒப்பந்தத்தில் இயங்கும் கம்பெனியை விட்டுவிட்டு, என் கம்ப்யூட்டரைப் பார்த்துக் காப்பி எடுங்கள். எட்டுப் பேரும் மறுபேச்சில்லாமல் செய்தார்கள்! வாஷிங்டன் அலறி அடித்துக்கொண்டு கேட்டபோது, அவர் சொன்ன விளக்கம்... அது ஒரு டெஸ்ட்! பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டார். அமெரிக்க அரசாங்கத்துக்குத் தூக்கம் போயிற்று. படையில்லை, பணமில்லை, ஒரு மனிதரின் வார்த்தைக்கு இத்தனை மதிப்பா?

அதே வருடம் செப்டம்பரில் 'ஐகேன்' என்ற நிறுவனம் உருவானது. அக்டோபர் 16 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் போஸ்டல் இறந்தார். வயது 55. அவருடைய பட்டியலை இன்று அந்த நிறுவனத்தின் கீழ் கவனித்துக்கொள்கிறார்கள். புது எண் வேண்டுமானால் மனு போட வேண்டும், நிபுணர்கள் பரிசீலிப்பார்கள். 1972-ல் அவர் கொடுத்த 7-ம் 9-ம் அதே வேலைக்கு இன்னமும் பதிவில் இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு பலகை மாட்ட வேண்டியிருக்கவே இல்லை!