கரைக்கடலின் நைட்ரஜன் நிலைப்படுத்தும் நுண்ணுயிரிகள்

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். கடல்நீரிலும் அது தாராளமாகக் கரைந்திருக்கிறது. இருந்தும் கடலில் மிதக்கும் பாசிகளில் பெரும்பாலானவை தழைச்சத்துப் பற்றாக்குறையிலேயே வாழ்கின்றன. இரண்டு நைட்ரஜன் அணுக்களை இறுக்கிவைத்திருக்கும் மும்மைப் பிணைப்பை உடைக்க அவற்றிடம் கருவி இல்லை. அதை உடைத்து அம்மோனியாவாக மாற்றும் திறன் சில பாக்டீரியாக்களுக்கும் ஆர்க்கியாக்களுக்கும் மட்டுமே உண்டு. பயறுச் செடியின் வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியமும் அசோலாவின் இலைக்குள் இருக்கும், பாசி எனப்பட்டாலும் பாக்டீரியாவான நீலப்பச்சைப் பாசியும் நிலத்தில் இந்த வேலையைச் செய்கின்றன. கரையோரக் கடலிலும் இதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது நைட்ரோஜினேஸ் என்னும் நொதி. இரும்பும், பெரும்பாலும் மாலிப்டினமும் சேர்ந்து அமைந்தது அது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் 16ஐச் செலவழிக்கிறது. ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடுகிறது. ஒளிச்சேர்க்கையின்போது தானே ஆக்சிஜனை வெளிவிடும் நீலப்பச்சைப் பாசிக்கு இது பெரிய சிக்கல். அதைச் சமாளிக்க, குரோக்கோஸ்பியரா என்ற இனம் பகலில் ஒளிச்சேர்க்கை செய்து இரவில் நைட்ரஜனைப் பிடிக்கிறது. நோடுலேரியா அதற்கென்றே தடித்த சுவருள்ள தனிச் செல்களை வளர்த்துக்கொள்கிறது. டிரைக்கோடெஸ்மியத்திடம் அப்படிப்பட்ட செல்களும் இல்லை; அது இரவுக்காகக் காத்திருப்பதுமில்லை. பட்டப்பகலில், ஒளிச்சேர்க்கை நடக்கும் அதே இழையில் நைட்ரஜனையும் பிடிக்கிறது.

மனிதர் கண்ணில் முதலில் பட்டதும் இந்த டிரைக்கோடெஸ்மியம்தான். 1770இல் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பலில் சென்றவர்கள் ஆஸ்திரேலிய, நியூகினிக் கடல்களில் பழுப்புப் படலம் மிதப்பதைக் கண்டார்கள். மாலுமிகள் அதை மீன்முட்டை என்று நினைத்தார்கள். கடலோடிகளிடையே மரத்தூள் என்ற பெயரும் அதற்கு வழங்கியது. 1823 டிசம்பரில் ஜெர்மன் இயற்கையியலாளர் கிறிஸ்டியன் காட்ஃபிரீட் எஹ்ரன்பெர்க், சினாய்க் கரையிலுள்ள தோர் துறைமுகத்தில் விரிகுடா நீர் செந்நிறமாகக் கிடப்பதைப் பார்த்தார். அந்த நீரை அள்ளி ஆராய்ந்தபோது மெல்லிய இழைகள் கட்டுக்கட்டாக மிதந்தன. 1830இல் அவற்றுக்கு டிரைக்கோடெஸ்மியம் எரித்ரேயம் என்று பெயரிட்டார். செங்கடலின் பெயருக்கும் இதுவே காரணம் என்பது அவர் கருத்து.

இரண்டே ஆண்டுகளில் இன்னொரு கப்பல் இதைச் சந்தித்தது. 1832 மார்ச்சில் பீகிள் பிரேசிலின் அப்ரோலோஸ் தீவுகளுக்கு அருகே சென்றுகொண்டிருந்தது. கடலின் மேற்பரப்பு முழுவதும் நறுக்கிய வைக்கோல் துணுக்குகள் பரவியதுபோல் கிடந்ததை இளைஞர் சார்லஸ் டார்வின் கவனித்தார். அவை செங்கடலில் கண்ட அதே இனம் என்று தாவரவியலாளர் பெர்க்லி அவருக்கு உறுதிசெய்தார். இவர்கள் எல்லோரும் பார்த்தது நிறத்தை. அந்தப் படலம் காற்றிலிருந்து உரம் தயாரிக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

அது தெரிய மேலும் சுமார் 130 ஆண்டுகள் ஆயின. 1961இல் டக்டேல், மென்சல், ரைதர் ஆகிய மூவர், கனமான நைட்ரஜன் ஐசோடோப்பான நைட்ரஜன்-15ஐப் பயன்படுத்தி, சர்காசோ கடலின் டிரைக்கோடெஸ்மியம் நைட்ரஜனை நிலைப்படுத்துவதைக் காட்டினார்கள். இந்தியாவில் இந்த ஆய்வு தாமதமின்றித் தொடங்கியது. பாம்பன் பகுதியில் டிரைக்கோடெஸ்மியம் திரண்டு பெருகியதையும், அங்குள்ள கடலுயிர்கள் அதனால் பாதிக்கப்பட்டதையும் சிதம்பரம், உண்ணி இருவரும் 1944இலேயே கரன்ட் சயன்ஸ் இதழில் பதிவுசெய்திருந்தார்கள். அதே இதழில் 1968இல் ராமமூர்த்தியும் கிருஷ்ணமூர்த்தியும் இந்தப் பாசியின் நைட்ரஜன் நிலைப்படுத்தலைப் பற்றி எழுதினார்கள். வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டையில் அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இந்தப் பாசி பற்றிய தொடக்க கால ஆய்வுகளுக்குக் களமாக இருந்தது. சர்காசோ ஆய்வுக்குப் பின் ஏழே ஆண்டுகளில் தமிழகக் கரைக்கு அருகில் நடந்த அந்தப் பணி, உலக அளவிலான வரலாறுகளில் உரிய இடம் பெறவில்லை.

வகைப்பாட்டில் கரைக்கடல் நைட்ரஜன் நிலைப்படுத்திகளை நான்காகப் பிரிப்பது வசதி. முதலாவது, டிரைக்கோடெஸ்மியம் போல் இழையாகத் தனித்து வாழ்பவை. அடுத்தது, டயாட்டம்கள் என்னும் சிலிக்கா ஓட்டுப் பாசிகளோடு ஒட்டி வாழ்பவை. ரிச்சேலியா என்ற நீலப்பச்சைப் பாசி ஹெமியாலஸ், ரைசோசொலேனியா என்ற டயாட்டம்களோடு இணைந்து வாழ்கிறது. அமேசான் ஆற்று நீர் கடலில் விரியும் பரப்பில் இந்த ஜோடி பெருகுகிறது: ஆறு சிலிக்காவும் மணிச்சத்தும் கொண்டுவருகிறது, ரிச்சேலியா தழைச்சத்தைச் சேர்க்கிறது. மூன்றாவது, ஒற்றைச் செல் நீலப்பச்சைப் பாசிகள். நான்காவது, ஒளிச்சேர்க்கை செய்யாத பாக்டீரியாக்கள். இவை நீரிலும் சேற்றிலும் வேர்களிலும் வாழ்கின்றன. மத்தியதரைக் கடலின் கடற்புல் வேருக்குள் வாழும் ஒரு பாக்டீரியா, பயறுக்கு ரைசோபியம்போல, அந்தப் புல்லுக்குத் தழைச்சத்து அளிப்பது 2021இல் தெரியவந்தது.

கரைக்கடலில் இவற்றுக்கு வேலை இல்லை என்றே நெடுநாள் நம்பப்பட்டது. ஆறுகளும் சாக்கடைகளும் வயலில் இட்ட உரமும் நைட்ரேட்டைக் கொண்டுவந்து கொட்டும் இடத்தில், 16 ஏடிபி செலவழித்து யார் காற்றைப் பிடிப்பார்கள் என்பது வாதம். ஆனால் 1971இலேயே ரைதரும் டன்ஸ்டனும் அமெரிக்கக் கரையோரப் பாசிகளுக்கு நைட்ரஜன்தான் முதலில் தீர்கிறது என்று காட்டியிருந்தார்கள். அப்படியானால் ஏரிகளில் நடப்பதுபோல் நைட்ரஜன் பிடிக்கும் பாசிகள் ஏன் அங்கே ஓங்கவில்லை? 1985இல் ஹோவர்த்தும் கோலும் ஒரு விடை சொன்னார்கள்: கடல்நீரிலுள்ள சல்பேட், பாசிகள் மாலிப்டினத்தை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. உப்பு குறைந்த பால்டிக் கடல் இதற்கு எதிர்த்துருவம். அங்கே ஒவ்வொரு கோடையிலும் நோடுலேரியாவும் அஃபானிசோமெனானும் செயற்கைக்கோள் படத்தில் தெரியும் அளவுக்குப் பரவி, ஆண்டுக்குச் சில லட்சம் டன் நைட்ரஜனைக் கடலில் சேர்க்கின்றன.

அந்தப் பழைய நம்பிக்கை இன்று நிற்கவில்லை. மார்கரெட் முல்ஹாலண்ட் குழுவினர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில், ஹாட்டராஸ் முனையிலிருந்து ஜார்ஜஸ் திட்டு வரை நீர் எடுத்து அளந்தபோது, குளிர்ந்த கரைக்கடலிலும் நைட்ரஜன் நிலைப்படுத்தல் கணிசமாக நடப்பது தெரிந்தது. இது 2012இல் வெளிவந்தது. அந்த வேலையின் பெரும்பங்கைச் செய்தது டிரைக்கோடெஸ்மியம் அல்ல, யாரும் கண்ணால் பார்த்திராத ஓர் ஒற்றைச் செல் உயிரி.

யூசின்-ஏ என்று அழைக்கப்படும் அந்த உயிரியின் மரபணுத் துணுக்கை 1998இல் ஜொனாதன் ஜெர் கண்டறிந்தார். 2010இல் அதன் மரபணுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டபோது பல அடிப்படைக் கருவிகளே காணவில்லை: ஆக்சிஜனை உண்டாக்கும் ஒளித்தொகுதி இல்லை, கரியமில வாயுவை நிலைப்படுத்தும் வழியும் இல்லை. தனியாக வாழ வழியற்ற உயிரி. 2012இல் அதன் வீடு தெரிந்தது. பிரார்டோஸ்பியரா பிகெலோவி என்ற பாசி அது. ஐங்கோணச் சுண்ணாம்புத் தகடுகளால் பன்னிரு முகக் கூடு கட்டிக்கொள்ளும் அதை 1935இல் கிரானும் பிராருடும் அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கடலில் இருந்து முதலில் விவரித்திருந்தார்கள். ஜப்பானிய ஆய்வாளர் கியோகோ ஹகினோ பல ஆண்டுகள் விடாமல் முயன்று அந்தப் பாசியை ஆய்வகத்தில் வளர்த்துக் கொடுத்தார். அவருடைய பொறுமை இல்லாவிட்டால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

2024 ஏப்ரலில் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை, யூசின்-ஏ இனி ஒரு விருந்தாளி இல்லை, செல்லின் நுண்ணுறுப்பு என்று காட்டியது. பாசி பிரியும்போது அதுவும் ஒழுங்காகப் பிரிகிறது. பாசி தயாரித்து முகவரி ஒட்டி அனுப்பும் புரதங்களை அது உள்ளே வாங்கிக்கொள்கிறது. அதற்கு நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். இழைமணியும் பசுங்கணிகமும் எப்படி உருவாயினவோ அதே வழியில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய உறவு இது. தெற்குக் கலிஃபோர்னியக் கரையில், நீரில் நைட்ரேட் இருக்கும்போதும் இந்தக் கூட்டு நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டேயிருக்கிறது. ஆர்க்டிக்கிலும் காணப்படுகிறது.

கரைக்கடலின் அடிச்சேறும் கணக்கில் வருகிறது. நைட்ரஜனை வெளியேற்றும் இடமாகவே கருதப்பட்ட, அமெரிக்காவின் நாரகன்செட் விரிகுடாவின் சேறு, 2006 கோடையில் நைட்ரஜனை உள்வாங்கும் இடமாக மாறியதை ஃபுல்வைலர் குழு அளந்தது.

இந்தியக் கரையில் டிரைக்கோடெஸ்மியம் பெருக்கம் பெரும்பாலும் கோடைத் தொடக்கத்தில், காற்று தணிந்து கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் வருகிறது. 2007 மார்ச்சில் கல்பாக்கம் கரையில் அது திரண்டபோது நீரில் அம்மோனியா வெகுவாக உயர்ந்தது. மண்டபம் பக்கத்து மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் பச்சைப் பெருக்கு வேறு; அது நாக்டிலூகா, நைட்ரஜனை நிலைப்படுத்தாது. ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் மன்னார் வளைகுடா உள்ளிட்ட பகுதிகளில் பாசிப் பெருக்கைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கிறது. அந்தப் படங்கள் காட்டுவது நீரின் நிறத்தை. நைட்ரோபிளாஸ்ட் போன்றவற்றை அறிய, கரையோர நீரை எடுத்து மரபணுச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.