வண்டு சுமந்த வரலாறு

கெடா மாநிலத்துப் பாலிங் போன்ற தோட்டப்புறங்களில், வீழ்த்தப்பட்டு மட்கும் மரங்களில் காண்டாமிருக வண்டு பெருகும். தென்னை, செம்பனைக் குருத்துகளைத் துளைத்துக் கெடுக்கும். இச்சிற்றுயிரின் வரலாறோ பெரிது.

1909ஆம் ஆண்டில், இலங்கையிலிருந்து சென்ற இரப்பர்க் கன்றுகளோடு இவ்வண்டு சமோவாத் தீவை அடைந்து, தென்னைகளைப் பாழாக்கியது. 1963இல் செர்மானிய அறிஞர் அலோய்ஸ் ஹூகர், மலாயா மண்ணின் வண்டுகளிலேயே அவற்றைக் கொல்லும் நச்சுயிரியைக் கண்டறிந்தார். 1967இல் அது சமோவாவில் பரப்பப்பட்டது; வண்டுகள் குறைந்தன; தென்னைகள் தழைத்தன.

ஆயின், 2007இல் குவாம் தீவில் காணப்பட்ட வண்டுகள் அந்நச்சுயிரிக்கு எளிதில் அடங்கவில்லை. தோற்றத்தில் வேறுபாடில்லாத அவற்றைப் பிரித்துக் காட்டியது, உயிரணுவினுள் உறையும் மைட்டோகாண்டிரியாவின் மரபுப்பொருளே. தாய் வழியே இறங்கிவரும் அது, தலைமுறைதோறும் நேரும் சிறு மாற்றங்களைச் சேர்த்துவைக்கும் ஏடு போன்றது. 37 மரபணுக்களும் 20,898 எழுத்துகளும் கொண்ட அவ்வேட்டினை அறிஞர் முழுமையாகப் படித்து 2021இல் வெளியிட்டனர்.

தோட்டத் தொழில் கன்றுகளோடு பூச்சிகளையும் கடல் கடத்தியது. பகையை வெல்ல விழைவோர் அதன் மரபையும் அறிதல் வேண்டும் என்பதே அத்தாய்வழி ஏடு புகட்டும் பாடம்.