திருமுக்கூடல் ஆதுலசாலையில் நாவிதருக்கு என்ன வேலை?

இரண்டு வருஷம் முன்னாடி ஆபீஸில் ஒரு ஜூனியர் பையன் எழுதிய கோடைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேசாம சிரைக்கப் போகலாம்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டு திருத்த ஆரம்பித்தான். தெரு, ஆபீஸ், சினிமா என்று எல்லா இடத்திலும் புழங்குகிற வசவு என்பதால் எனக்கு அன்றைக்கு அது உறைக்கவே இல்லை.

போன கார்த்திகையில் சவரக்கத்தி பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று இறங்கினேன். இப்போது சலூனில் பார்க்கிறோமே, அரை ப்ளேடைச் சொருகிச் சவரம் செய்துவிட்டுத் தூக்கிப் போடுகிற ஹோல்டர், அது இல்லை. அந்தக் காலத்து மடக்குக் கத்தி. அலகே கூராக இருக்கும், அதைத் தீட்டித் தீட்டித்தான் பயன்படுத்த வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அதன் பிறகு வந்த எய்ட்ஸ் பயத்தில், ஆளாளுக்குப் புது ப்ளேடு என்ற வழக்கம் வந்து, மடக்குக் கத்தி சலூன்களிலிருந்து மெல்ல மறைந்துவிட்டது.

எங்கள் தெரு சலூன்காரர் அண்ணனிடம் அவர் அப்பாவின் கத்தி ஒன்று இருந்தது. "கத்துக்கொடுங்கண்ணே" என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். "சார், பத்து நாளைக்கு வாரில் தீட்ட மட்டும் செய்ங்க. முகத்துக்கு அப்புறம் போகலாம்" என்றார்.

கேட்க எளிதாக இருந்தது. தோல் வாரில் இழுக்கும்போது கத்தியின் முதுகு முன்னால் போகணும், கூர் பின்னால் வரணும். வாரின் கடைசிக்கு வந்ததும் முதுகை ஊன்றித் திருப்பணும். தவறிக் கூர்ப்பக்கமாகத் திருப்பினால் வார் கிழியும், கூரும் போகும். நான் முதல் நாளே அவர் வாரில் இரண்டு வெட்டுப் போட்டேன். அவர் திட்டவில்லை. "எங்கப்பாகிட்ட நான் இதுக்கு அடி வாங்கியிருக்கேன்" என்றார்.

அடுத்த பாடம் பலூன். ஊதின பலூனில் சோப்பு நுரையைத் தடவி, வெடிக்காமல் வழிக்க வேண்டும். நான் ஏழு பலூன் உடைத்தேன். அதற்குப் பிறகுதான் கன்னம். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சுமார் 30 டிகிரி சாய்த்து, முடி வளர்கிற திசையிலேயே, அழுத்தாமல் இறக்கணும். சாய்வு கூடினால் கீறும், குறைந்தால் முடியைப் பிடுங்கும். தாடையின் வளைவில் சாய்வை விநாடிக்கு விநாடி மாற்ற வேண்டும். பதினோராம் நாள் தாடைக்குக் கீழே வெட்டிக்கொண்டு, படிகாரக் கல்லைத் தேய்த்தபடி கண்ணாடி முன்னால் நின்றபோது, அந்த ஜூனியர் பையன் ஞாபகத்துக்கு வந்தான்.

பலூன் விஷயத்தை எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே என்று தேடினேன். சுசுருத சம்ஹிதையில் இருந்தது. அறுவை கற்கும் மாணவன் முதலில் பூசணி, சுரை, வெள்ளரி மாதிரி காய்களை வெட்டிப் பழக வேண்டும் என்கிறது அந்த நூல். சுரண்டுதல் என்ற வேலைக்கு, முடியோடு இழுத்துக் கட்டிய தோலில் பழகச் சொல்கிறது. சலூன்காரர் அண்ணனின் பாடத்திட்டத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது, இல்லையா?

அப்போதுதான் திருமுக்கூடல் கல்வெட்டின் ஒரு வரி புதிதாகப் புரிந்தது.

எங்கள் ஊர் உத்திரமேரூர்ப் பக்கம்தான். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடத்தில், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே வீரராஜேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, கி.பி. 1068 வாக்கில் வெட்டியது. கே.வி. சுப்ரமணிய ஐயர் இதை 'எபிகிராஃபியா இண்டிகா'வின் 21-ஆம் தொகுதியில் பதிப்பித்திருக்கிறார். கோயிலோடு சேர்ந்த வேத பாடசாலை, மாணவர் விடுதி, ஆதுலசாலை ஆகியவற்றின் வரவுசெலவு அதில் இருக்கிறது. ஆதுலசாலை என்றால் மருத்துவமனை. அதன் பெயர் வீரசோழன், படுக்கைகள் 15. வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம் என்று இருப்பில் வைக்க வேண்டிய இருபது வகை மருந்துகளின் பட்டியலும் உண்டு.

ஆட்களும் சம்பளமும்தான் எனக்கு சுவாரசியம். வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், கூடவே 8 காசு. சல்லியக்கிரியை, அதாவது அறுவை, செய்பவருக்கு 30 கலம். மூலிகை கொண்டுவர இருவர், மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். அப்புறம் நாவிதர் ஒருவர், 15 கலம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கலம் 12 குறுணி, வருஷத்துக்கு 360 நாள் என்று வைத்தால், வைத்தியருக்கு நாளுக்கு 3 குறுணி, அறுவை செய்பவருக்கு 1 குறுணி, நாவிதருக்கு அரைக் குறுணி. ஒரு குறுணிக்கு 8 நாழி. ஆக, நாவிதருக்குத் தினம் 4 நாழி நெல்.

"சோழர் காலத்தில் நாவிதரே அறுவை செய்தார், இதோ ஆதாரம்" என்று இந்தக் கல்வெட்டைக் காட்டிச் சிலர் எழுதுகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். அறுவைக்குத் தனி ஆள், தனிச் சம்பளம் கல்வெட்டிலேயே இருக்கிறது. அதே சமயம், "முடிவெட்ட ஒரு ஆள், அவ்வளவுதான்" என்று கடந்துபோவதும் சரியில்லை. புண்பட்டுக் கிடப்பவர் நகமும் முடியும் குறைத்துச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சுசுருதர் விதிக்கிறார். வைத்தியருக்கும் அதே விதி. தலையில் புண் என்றால் சுற்றிலும் மழிக்காமல் மருந்து வைக்க முடியாது. எழுந்து உட்கார முடியாமல் படுத்திருக்கிற ஒருவரின் புண்ணை ஒட்டி, வலிக்காமல் மழிக்கணும். என் சொந்தக் கன்னத்திலேயே எனக்கு வராத வேலை அது. அந்த 15 படுக்கைக்கு அவர் தேவைப்பட்டதால்தான் கணக்கில் இருக்கிறார்.

எங்கள் ஊரில் 1980-களில் கூட இதன் மிச்சம் இருந்தது. ஊர் நாவிதரைக் 'குடிமகன்' என்போம். அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல் அளப்பார்கள், அதுதான் அவர் கூலி. எனக்குத் தொடையில் வந்த கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தவர் அவர். என் அப்பாவுக்குப் பிரசவம் பார்த்தது அவர் அம்மா. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் தொகுப்பிலும், நாவிதர் கத்தி வைத்தியமும் அவர் வீட்டுப் பெண்கள் பேறுகாலமும் பார்ப்பதாக எழுதியிருக்கிறார். தமிழக அரசின் சாதிப் பட்டியலில் மருத்துவர், நாவிதர் என்ற இரண்டு பெயரும் இன்றைக்கும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. ஆனால், கட்டியைக் கீறியவர் எங்கள் வீட்டு முன்வாசல் வழியாக வந்து நான் பார்த்ததில்லை. கொல்லைப்புறம்தான். அறுபது வயசு ஆளை ஆறு வயசுப் பையன் நான் "வா, போ" என்றுதான் கூப்பிட்டேன். யாரும் திருத்தவில்லை.

இங்கிலாந்தில் 1540-ல் நாவிதர்களும் அறுவை வைத்தியர்களும் ஒரே சங்கமாகச் சேர்ந்தார்கள், 1745-ல் பிரிந்தார்கள். அறுவை வைத்தியம் தனிப் படிப்பாகி மேலே போய்விட்டது. அங்கே சர்ஜன்களை இன்றும் 'டாக்டர்' என்று சொல்லாமல் 'மிஸ்டர்' என்று அழைப்பது அந்தப் பழைய வேறுபாட்டின் எச்சம். இங்கே 1835-ல் சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. வைத்தியம் மெல்ல அந்தப் பக்கம் போனது. நாவிதர் கையில் சவரம் மட்டும் தங்கியது, கூடவே வசவும்.

கல்வெட்டில் வைத்தியரின் பெயர் இருக்கிறது: ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். நாவிதருக்குப் பெயர் இல்லை, வேலை மட்டும். இதைப் படித்து வருத்தப்பட்டுக்கொண்டே அம்மாவுக்குப் போன் செய்து, நம்ம ஊர்க் குடிமகன் பேர் என்ன என்று கேட்டேன். அம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "தெரியலையேப்பா, குடிமகன்னுதான் கூப்பிடுவோம்" என்றார். வாலாஜாபாத் பக்கம் சலூன் வைத்திருக்கும் அவர் பேரனைத் தேடிப்பிடித்துத்தான் தெரிந்துகொண்டேன். இங்கே போடலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றால் சேர்த்துவிடுகிறேன்.

அந்த ஜூனியர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். போன வாரம் கூப்பிட்டு, அன்றைக்குச் சொன்னது தப்பு என்றேன். அவனுக்கு ஞாபகமே இல்லையாம். "விடுங்க சார், எல்லாரும் சொல்றதுதானே" என்றான்.

திருமுக்கூடல் போக நினைப்பவர்களுக்கு: செங்கல்பட்டு - காஞ்சிபுரம் சாலையில் பழைய சீவரத்தில் இறங்கினால், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கோயில். தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள், எழுத்து நன்றாகத் தெரியும்.