பால் மறைக்கும் ரகசியம்: உங்க வீட்டு டீத்தூள் நல்லதா? 6 நிமிடத்தில் தெரிஞ்சுக்கலாம்!

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றாலே ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு அடுத்து நினைவுக்கு வருவது பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த இனிப்பின் ருசிக்கு அடிப்படை பால். அதே பாலில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பக்கத்து ராஜபாளையத்திலும் தினமும் காலை, மாலை டீ கொதிக்கிறது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது. பால் திக்காக இருந்து, சர்க்கரையும் தூக்கலாக இருந்தால் சுமாரான டீத்தூள்கூட அருமையான டீ மாதிரி தெரியும். அப்படியானால் மாதாமாதம் காசு கொடுத்து வாங்குகிற டீத்தூள் உண்மையிலேயே நல்லதா? விலை கூடின பாக்கெட்டுக்கும் ரேஷன் கடை பாக்கெட்டுக்கும் என்ன வித்தியாசம்? இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு எளிய முறை இருக்கிறது.

டீயில் எத்தனை வகை?

பிளாக் டீ, கிரீன் டீ எல்லாமே 'கெமீலியா சினென்சிஸ்' என்ற ஒரே செடியின் இலையில் இருந்து வருபவைதான். பறித்த பிறகு இலையை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். (சுக்கு, துளசி, செம்பருத்தி போட்டுக் கொதிக்க வைப்பதையும் 'டீ' என்கிறோம். ஆனால் அவற்றில் தேயிலை கிடையாது.)

நம்ம ஊர் மளிகைக் கடையில் கிடைப்பவற்றை இப்படிப் பிரிக்கலாம்:

• டஸ்ட் டீ: மாவு போல நைசாக இருக்கும். சீக்கிரம் நிறம் இறங்கும். டீக்கடைகளில் அதிகம் பயன்படுவது இதுதான்.

• சி.டி.சி. குருணை: இயந்திரத்தில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுப்பது. சின்னச் சின்ன உருண்டையாக இருக்கும். டஸ்ட் டீயும் பெரும்பாலும் இதே முறையில் தயாராகி, சலிக்கும்போது தனியாகப் பிரிவதுதான்.

• ஆர்த்தடாக்ஸ் இலை டீ: சுருண்ட இலையாகவே இருக்கும். நிறம் குறைவு, வாசனை அதிகம்.

• கிரீன் டீ: இலையைப் புளிக்க விடாமல் சூடாக்கி உலர்த்துவது. லேசான பச்சை வாடையும் கசப்பும் இருக்கும்.

ரேஷன் கடைகளில் கிடைக்கும் 'ஊட்டி டீ' நீலகிரி சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இன்ட்கோசர்வ் தயாரிப்பு. தமிழக அரசின் இன்னொரு நிறுவனமான டேன்டீ, 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக உருவான தேயிலைத் தோட்டங்களை நடத்துகிறது.

தேயிலைக்காக நீலகிரி வரை போக வேண்டியதும் இல்லை. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பெயரில் பாதியைத் தாங்கி நிற்கும் மேகமலையிலும் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. அது தேனி மாவட்டப் பக்கம்.

பால் எதை மறைக்கிறது?

டீயின் உயிரே துவர்ப்புதான். டீயில் உள்ள பாலிஃபீனால்கள் நாக்கைச் சுருக்கென்று பிடிப்பதால் வருவது அது. பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம் அந்தப் பாலிஃபீனால்களோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் துவர்ப்பு அடங்கிவிடும். சர்க்கரை கசப்பை மூடிவிடும். ஏலக்காய், இஞ்சி போட்டால் பழைய டீத்தூளின் மக்கல் வாடைகூடத் தெரியாது.

குடிப்பதற்கு அது நல்லதுதான். ஆனால் ஒரு டீத்தூளை இன்னொரு டீத்தூளோடு ஒப்பிடணும் என்றால், முதலில் பால் இல்லாமல் வர டீயாகத்தான் ருசி பார்க்கணும்.

டீக்கு ஒரு உலக அளவுகோல்

டீயை ஒப்பிடுவதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச தர விதி 1980-ல் வெளியானது. அதன் சாரம் ரொம்ப எளிது: 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம் டீத்தூள், மூடி வைத்து 6 நிமிடம். பால் சேர்த்துப் பார்ப்பதானால்கூட சிறிய சோதனைப் பாத்திரத்துக்கு வெறும் 2.5 மி.லி. பால்தான்.

இதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் தர விதிக்கு 1999-ல் இலக்கியத்துக்கான 'இக் நோபல்' என்ற கிண்டல் விருதுகூடக் கிடைத்தது. டீ போட ஒரு விதிமுறைப் புத்தகமா என்ற கேலிதான்! ஆனால் அந்த விதி ருசியான டீ போடுவதற்கு அல்ல. எல்லா டீத்தூளுக்கும் ஒரே மாதிரி வாய்ப்புக் கொடுத்து, எது எப்படி என்று பார்ப்பதற்கு.

வீட்டில் செய்வது எப்படி?

1. மூன்று அல்லது நான்கு வகை டீத்தூள் போதும். 10 ரூபாய் சின்ன பாக்கெட்டுகளே போதுமானது.

2. எடை முக்கியம். ஒரு ஸ்பூன் டஸ்ட் டீயும் ஒரு ஸ்பூன் இலை டீயும் ஒரே எடை இருக்காது. தராசு இல்லையா? 100 கிராம் பாக்கெட்டைப் பிரித்து, தலை தட்டிய ஸ்பூனால் எத்தனை ஸ்பூன் வருகிறது என்று எண்ணுங்கள். 40 ஸ்பூன் வந்தால் ஒரு ஸ்பூன் 2.5 கிராம். 50 வந்தால் 2 கிராம்.

3. ஒரே மாதிரியான கண்ணாடி டம்ளர் அல்லது உள்பக்கம் வெள்ளையான பீங்கான் கப் எடுங்கள். எவர்சில்வர் டம்ளரில் நிறம் சரியாகத் தெரியாது.

4. எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் டீ மங்கலாகி, மேலே மெல்லிய ஏடு படியும். அந்தக் குறையை டீத்தூள் மேல் போடாதீங்க.

5. ஒவ்வொன்றிலும் 2 கிராம் தூளுக்கு 100 மி.லி. கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, சின்னத் தட்டால் மூடுங்கள். சரியாக 6 நிமிடத்தில் வடிகட்டுங்கள்.

6. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு ஸ்பூன் எடுத்து சத்தமாக உறிஞ்சுங்கள். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் வாசனை மூக்குக்கு ஏறும். ஒவ்வொரு ருசிக்கும் நடுவில் வாயைக் கொப்பளியுங்கள். காரம் சாப்பிட்ட உடனே இதைச் செய்யாதீங்க.

7. அதன் பிறகு எல்லாவற்றிலும் ஒரே அளவு பால் விட்டு மறுபடி பாருங்கள். வர டீயாக மங்கலாக இருந்தது பாலில் காணாமல் போகும். திடமானது பாலையும் தாண்டித் தெரியும்.

எதைக் கவனிக்கணும்?

நிறம்: செம்பொன் அல்லது செம்பழுப்பு நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். கருமையாக இருந்தால் ஸ்ட்ராங் என்று அர்த்தமில்லை. பளிச்சென்ற தன்மையைத் தருவது தியாஃபிளேவின், அடர் நிறத்தையும் திடத்தையும் தருவது தியாருபிஜின் என்ற வேதிப்பொருட்கள்.

வாசனை: வடிகட்டிய சக்கையை மோந்து பாருங்கள். பழைய தூளில் வைக்கோல் வாடை அடிக்கும். தீய்ந்த வாடை வந்தால் உலர்த்தும்போது சூடு கூடியிருக்கலாம்.

துவர்ப்பு: சுருக்கென்று பிடித்து உடனே விட்டால் அது நல்ல துவர்ப்பு. தொண்டையில் கசப்பாகவே தங்கினால் அது வேறு.

நிஜமாகவே வித்தியாசம் தெரியுதா?

"எங்க வீட்ல இந்த பிராண்ட் மட்டும்தான்" என்று சொல்பவர்களுக்கு ஒரு சவால். மூன்று டம்ளர் எடுங்கள். இரண்டில் ஒரே டீ, ஒன்றில் வேறு டீ. எது எங்கே என்பது ஊற்றியவருக்கு மட்டும் தெரியணும். மாறுபட்டது எது என்று ருசி பார்ப்பவர் சொல்லணும்.

ஒரு தடவை சரியாகச் சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், மூன்றில் ஒரு வாய்ப்பு. டம்ளர்களை மாற்றி வைத்து மூன்று தடவையும் சரியாகச் சொன்னால், அது அதிர்ஷ்டத்தால் நடக்க 27-ல் ஒரு வாய்ப்புதான். அப்படியென்றால் நாக்கு உண்மையைத்தான் சொல்லுது. தெரியவே இல்லை என்றால் விலை குறைந்ததையே வாங்கலாம்!

பாக்கெட் விலையா, டம்ளர் விலையா?

ஒரு கணக்கு. 250 கிராம் 80 ரூபாய்க்கு ஒரு டீத்தூள். டம்ளருக்கு 2 கிராம் போதும் என்றால் ஒரு டீக்கு 64 காசு. இன்னொன்று 250 கிராம் 60 ரூபாய்தான். ஆனால் அதே திடம் வர 3 கிராம் போடணும் என்றால் ஒரு டீக்கு 72 காசு. தினம் 10 டீ போடும் வீட்டில் மாதத்துக்கு முதலாவதுக்கு 192 ரூபாய், இரண்டாவதுக்கு 216 ரூபாய். மலிவு என்று நினைத்ததுதான் கூடுதல் செலவு.

எப்போதும் விலை கூடியதே நல்லது என்றும் அர்த்தமில்லை. எத்தனை கிராம் தேவைப்படுது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை.

சாயம் கலந்திருக்கா? கண்டுபிடிப்பது எப்படி?

தளர்வாக, லேபிள் இல்லாமல் வாங்கும் டீத்தூளில் கூடுதல் கவனம் தேவை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டுக்கு இரண்டு சோதனைகளைச் சொல்கிறது.

• வடிதாளில் கொஞ்சம் டீத்தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து நனையுங்கள். தூளை அகற்றி, தாளைக் குழாய் நீரில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாயம் கலந்திருந்தால் உடனே நிறக்கறை படிந்திருக்கும்.

• டீத்தூளைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, மேலே காந்தத்தை நகர்த்துங்கள். இரும்புத் துகள் இருந்தால் ஒட்டும். இயந்திரத் தேய்மானத்தால் மிகச் சிறிய அளவு சேரலாம் என்பதால் கிலோவுக்கு 250 மி.கி. வரை விதிப்படி அனுமதி உண்டு. அதற்காக காந்தத்தில் தாடி மாதிரி தொங்கினால் அது சரியில்லை.

வீட்டுச் சோதனை ஒரு எச்சரிக்கை மட்டுமே. உறுதி செய்வது ஆய்வகம்தான். சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் தரலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் பிரிவு 40-ன் கீழ், வாங்கியவரே கட்டணம் செலுத்திப் பொருளைப் பரிசோதிக்கவும் உரிமை இருக்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை டீ?

ஐ.சி.எம்.ஆர். 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, ஒரு நாளில் காஃபின் 300 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது. ஒரு டீயில் 30 முதல் 65 மி.கி. வரை இருக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீயைத் தவிர்க்கவும் அது சொல்கிறது. டீயின் டானின்கள் உணவில் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுப்பதே காரணம். ரத்தசோகை உள்ள பெண்கள் இதை முக்கியமாகக் கவனிக்கணும்.

பால் நல்ல பாலாக இருக்கும் ஊரில் டீத்தூளும் நல்லதாக இருந்துவிட்டால் வேறென்ன வேணும்? அடுத்த பாக்கெட் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு தடவை, பால் ஊற்றாமல் ருசி பாருங்கள்.