தேய்ந்த காசும் தேயாத காசும்

சென்ற தவணை முடியச் சில நாட்கள் இருந்தபோது, கம்பளைப் பக்கத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன், கொப்பித் தாளில் பொதிந்த செப்புக் காசொன்றை என் மேசைமேல் வைத்தான். அது பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்குள் கிடந்ததாம். "சேர், டவுன்ல ஒரு கடையில காட்டினேன். ரொம்பத் தேஞ்சுபோனது, வெலையில்லன்னு சொல்லிட்டாங்க" என்றான். அந்தச் சொல்லை அவன் ஏற்றுக்கொண்டுவிட்டான் என்பது முகத்தில் தெரிந்தது. பாட்டியிடம் அதை எப்படிச் சொல்வது என்பதே அவன் கவலை.

காசைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தடித்த சிறு காசு. ஒரு புறம் யானை. மறுபுறம் வட்டத்தினுள் 24 என்ற எண், அதைச் சுற்றி ஆங்கில எழுத்துக்கள். ஆங்கிலேயர் கரையோரத்தை ஆண்டபோது, 1801 முதல் 1816 வரையான காலத்தில், கொழும்பிலேயே எளிய கருவிகளைக் கொண்டு அடித்து வெளியிட்ட காசு இது. ஒரு றிக்ஸ் டொலரின் இருபத்து நான்கில் ஒரு பங்கு. கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தது. அந்த வீழ்ச்சிக்கு முன்னும் பின்னும் கைமாறிய காசுகளில் இதுவும் ஒன்று.

யானையின் கால்களும் வயிறும் தெளிவாக இருந்தன. காதுக்கு முன்னால் மட்டும் தலையும் துதிக்கையும் மூடுபனிக்குள் நுழைந்துவிட்டாற்போல் மங்கிக் கிடந்தன. இங்கேதான் கடைக்காரர் பிழைவிட்டார். விரல்படும் தேய்மானத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மேடான இடம் முதலில் தேயும், பள்ளமான இடம் கடைசியில் தேயும். இந்த யானையில் மிக மேடான பகுதி வயிறு. வயிறு திரண்டிருக்கத் தலை மட்டும் தேயுமா? காசைத் திருப்பினேன். தலைக்கு நேர் பின்புறத்தில், விளிம்போரத்து எழுத்துக்களும் அதே அளவுக்கு மங்கியிருந்தன. இரு புறமும் ஒரே இடத்தில் மங்கல் என்றால் காரணம் கைகள் அல்ல, அச்சு. மேல் அச்சு சற்றுச் சாய்ந்து இறங்கியிருக்கிறது. ஒரு பக்கத்துக்குப் போதிய அழுத்தம் கிடைக்கவில்லை. அந்த யானை அக்கசாலையை விட்டு வெளிவந்த நாளிலேயே தலை தெளியாமல்தான் வந்தது.

அடி குறைவதற்குக் காரணங்கள் வேறும் உண்டு. தகடு இறுகியிருக்கலாம், மெலிந்திருக்கலாம். பல்லாயிரம் காசு அடித்து அச்சே மழுங்கியிருக்கலாம். ஒரு புறத்து உருவம் மிகவும் புடைத்திருந்தால், உலோகமெல்லாம் அந்தப் பக்கமே ஓடி, எதிர்ப்புறத்துக்குப் போதாமற் போவதும் உண்டு. எப்படியாயினும் ஓர் அடையாளம் எஞ்சும். தேய்ந்த இடம் வழுவழுப்பாக இருக்கும். அடி விழாத இடத்திலோ அடிபடுமுன் தகட்டில் இருந்த சொரசொரப்பு அப்படியே கிடக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியும் சாய்வாக விழும் வெளிச்சமும் இருந்தால் பெரும்பாலும் கண்டுவிடலாம். காசு அடிபட்ட பின் உண்மையிலேயே நெடுங்காலம் புழங்கியும் இருந்தால் இரண்டும் கலந்துவிடும். அப்போது தேர்ந்தவர்களும் தடுமாறுவார்கள்.

ஏட்டுச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. சுவடியில் ஓரெழுத்துத் தெரியாவிட்டால் அது அழிந்த எழுத்தாக இருக்கலாம். எழுதியவன் எழுத்தாணியை அழுத்தாமல் விட்ட எழுத்தாகவும் இருக்கலாம். பின்னதாயின் மை தடவிப் பார்த்தால் கீறல் எழுந்து வரும். அழிந்ததென்று முடிவு கட்டியவன் மை தடவவே மாட்டான்.

காசுக்குத் தரம் வகுக்கும் முறை உலகெங்கும் இந்தச் சிக்கலில் இடறியிருக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் 1949இல் பழைய செப்புச் சதங்களுக்காக ஒன்று முதல் எழுபது வரையான அளவுகோலொன்றை வகுத்தார். பின்னர் எல்லாக் காசுகளுக்கும் அதுவே வழக்காயிற்று. அது பெரும்பாலும் தேய்வின் அளவுகோல். ஒரு நாளும் புழங்காத புதுக் காசு மங்கலாக அடிக்கப்பட்டிருந்தால் அதற்கு என்ன எண் கொடுப்பது? 1938இல் வெளிவரத் தொடங்கிய ஜெபர்சன் ஐந்து சதக் காசின் பின்புறத்தில் ஒரு மாளிகை உண்டு. புத்தம்புதுக் காசுகள் பலவற்றிலும் அந்த மாளிகையின் படிக்கட்டுகள் சரியாக விழவில்லை. ஆகவே படிகள் முழுதாக விழுந்த காசுகளைத் தனியே குறித்து விலை கூட்டினார்கள். பழங்காலக் காசுகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் ஓர் அமெரிக்க நிறுவனம் தேய்வை ஒன்றாகவும், அச்சின் தெளிவை ஐந்துக்கு இத்தனை என்று வேறாகவும், மேற்பரப்பின் நிலையை மற்றோர் ஐந்துக்கு இத்தனை என்றும் குறிக்கிறது. அதுவே நேர்மையான வழி என்பது என் எண்ணம். எங்கள் கடைகளில் இன்னும் 'தேஞ்சது', 'தேயாதது' என்ற இரண்டே சொற்கள்தாம்.

ஆனால் கண்டி நாட்டார் ஒரு காலத்தில் முத்திரையைப் பொருட்படுத்தியதே இல்லை. 1660இல் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் இந்த மலைநாட்டில் வாழ்ந்து, கடைசியாக உடுநுவரையின் எலதெத்தவிலிருந்து தப்பிச் சென்ற ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இங்கே வழங்கிய காசுகளை விவரிக்கிறார். அவற்றுள் ஒன்று தூண்டில் போல் வளைந்த வெள்ளிக் கம்பி. பாரசீகக் குடாப் பக்கத்து லார் நகரின் பெயரால் லாரின் எனப்பட்ட காசின் வழிவந்தது அது. சிங்களத்தில் கொக்கு ரிதி. மன்னனின் அனுமதியோடு யாரும் அதைச் செய்யலாம், விரும்பிய முத்திரையைக் குத்தலாம் என்கிறார் நொக்ஸ். வெள்ளியில் ஐயம் எழுந்தால் காசை நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் இடுவார்களாம். தூய வெண்மையாக வந்தால் செல்லும், இல்லையேல் செல்லாது. மன்னனுக்கே உரிய பணம் என்ற சிறு காசை வேறு எவரும் அடித்தால் மரண தண்டனை. அது எழுபத்தைந்து சேர்ந்தால்தான் ஒரு ஸ்பானிய டொலர்.

அந்தக் கொக்கு ரிதியை இன்று தரம் பிரிக்க உட்காருவோர் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். அச்சு அகலம், கம்பி ஒடுக்கம். எழுத்தின் நடுத்துண்டு மட்டும் விழும். அதிலும் பாதி மங்கலாகவே விழும். இங்கு செய்தவர்களுக்கு அந்த அரபு எழுத்து வெறும் அலங்காரம். தெளிவாக விழவேண்டும் என்று எவருமே நினைக்காத ஒன்றைத் தெளிவில்லை என்று தள்ளுகிறோம்.

சேகரிப்போரின் விலைச் சண்டை எனக்குப் பெரிதல்ல. வரலாற்றுக்கு நேரும் சேதமே பெரிது. தேய்வு என்பது காசு எத்தனை காலம் எத்தனை கைகளில் புழங்கியது என்பதன் கணக்கு. புதையலொன்று கிடைத்தால், அதிலுள்ள காசுகளின் தேய்வைக் கொண்டே அவை புதைக்கப்படுமுன் எவ்வளவு காலம் வழங்கின என ஆய்வாளர் மதிப்பிடுவர். அரை நொடியில் விழுந்த குறையடியை நெடுங்காலத் தேய்வாகப் படித்தால் கணக்கே மாறிவிடும்.

எழுத்தும் அப்படியே. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக் காசில் ஒரு புறம் நிற்கும் அரசனும் மறுபுறம் நந்தியும் உண்டு. நந்தியின் கீழே 'சேது' என்ற சொல். எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் ஒழுங்காகக் காட்டாத காலத்து எழுத்து அது. காசு சிறியது, சொல் விளிம்பை ஒட்டி நிற்பது. அடி சற்று விலகினால், குறைந்தால், முதலில் பலியாவது அந்தச் சொல்தான். இக்காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று கருதியவர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாண மன்னருடையவை என்பதற்குத் துணைநின்ற சான்றுகளுள் ஒன்று, கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் உள்ள கேகாலைப் பகுதியில், கொட்டகமவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. சிங்கை நகர் ஆரியனைப் பாடும் அந்தக் கல்லின் தலைப்பிலும் இதே 'சேது' பொறிக்கப்பட்டிருக்கிறது. காசில் அச்சொல் படிக்க முடியாமற் போயிருந்தால் கல்லை எதனோடு ஒப்பிட்டிருப்பார்கள்?

இதைச் சொல்ல எனக்கு அருகதை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். பேராதனையில் படித்துக்கொண்டிருந்த நாளில் என் அம்மப்பா அத்தகைய காசொன்றை என்னிடம் தந்தார். நந்தியின் திமில் தெளிவாகவும் கீழ்ப்பகுதி மங்கலாகவும் இருந்தது. பச்சைக் களிம்பும் ஏறியிருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். விடுதிக் கிணற்றடியில் புளியும் சாம்பலும் வைத்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். காசு பளபளத்தது. களிம்போடு அந்த மங்கலான பகுதியின் சொரசொரப்பும் போயிற்று. அங்கே எழுத்து மெலிதாக விழுந்திருந்ததா, விழவேயில்லையா என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது. இன்று எந்தக் கடைக்காரரும் அதைத் 'தேஞ்சது' என்றே சொல்வார். அவர் சொல்வதும் சரிதான், தேய்த்தவன் நான்.

கம்பளை மாணவனுக்கு யானையின் தலைக்குப் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினேன். வெகுநேரம் உருப்பெருக்கிக் கண்ணாடியை அவன் கீழே வைக்கவில்லை. புறப்படும்போது, "சேர், வீட்டுல பாட்டி இத எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவித் தாறேன்னு சொன்னாங்க" என்றான். வேண்டாம் என்றேன். பருத்தித் துணியில் சுற்றி, அதே வெற்றிலைப் பெட்டியில் வைக்கச் சொல்லி அனுப்பினேன்.