கஞ்சித்தொட்டி கற்பிக்கும் பாடம்

நோய் முன்வினைப் பயன் என்றனர். மருந்து புண்ணியவான் இடும் பிச்சை என்றனர். இவ்விரண்டும் ஒரே விலங்கின் இரு கண்ணிகள். அவ்விலங்கு அறுந்த வரலாற்றைச் சென்னை மருத்துவமனை ஒன்றின் பெயரே கூறும்.

1782. சென்னையைப் பஞ்சம் பற்றிய காலம். பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்க எழுந்தது மணியக்காரர் சத்திரம். பசியின் பின்னே பிணியும் வந்தது. 1799-இல் ஜான் அண்டர்வுட் எனும் மருத்துவர் அங்கே ஏழை நோயாளிகளுக்கு விடுதி அமைத்தார். நல்ல உள்ளம்தான்; நன்றி மறப்போரல்லர் நாம். ஆனால், நன்கொடையால் நிற்கும் மனைக்கு நன்கொடையாளரே எஜமானர். அவர் கை சுருங்கின் கட்டிலும் சுருங்கும். ஏன் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு அதனை ஏற்றது. இராயபுரம் மருத்துவமனையாக வளர்ந்து, பின்னர் ஸ்டான்லி என்ற பெயர் பெற்றது. மக்கள் நாவிலோ இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். கையேந்தி நின்ற இடத்தில் உரிமையோடு நுழைகிறான் பாட்டாளி!

தனியார் அறம் சாதித்ததே இல்லையா? உண்டு. வேலூரில், 1902-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென மருத்துவமனை கண்டார். ஆண் மருத்துவர் தொடலாகாது எனும் வழக்கத்துக்குப் பிரசவத்தில் பெண்கள் பலியானது கண்டு பிறந்த பணி அது. நடத்திய மிஷனுக்குத் திட்டம் இருந்தது. கணக்குக் கேட்கும் சபையும் இருந்தது. எனவே உடைமை யாருடையது என்பதோடு, நிர்வாகம் யாருக்குப் பதில் சொல்கிறது என்பதும் கேள்வி.

அரசு மருத்துவமனைகளும் இதற்குச் சான்று. மருந்துத் தட்டுப்பாடும் கொள்முதல் முறைகேடும் அவற்றை ஒருகாலத்தில் அரித்தன. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தக் கொள்முதல், ஆய்வுக்கூடச் சோதனை, மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கீட்டைக் காட்டும் கணக்குப் புத்தகம். உடைமை மாறவில்லை, நிர்வாகம் மாறியது. மருந்து ஏழையின் கைக்கு வந்தது.

கீழ்பென்னாத்தூர் இளைஞனே! மலையைச் சுற்றினால் பிணி தீரும் என்போர் சுற்றட்டும். நீ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல். எந்த மருந்து இருக்கிறது, எது இல்லை, ஏன் இல்லை என்று கேள். 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் உன் கையிலுள்ள கருவி. பிச்சை கேட்பவன் தலை குனிவான். கணக்குக் கேட்பவன் தலை நிமிர்வான்!