உருமாற்றத் தலைமை

உரு என்றால் வடிவம். தலை என்பதோடு ‘மை’ விகுதி சேர்ந்தது தலைமை. உருமாற்றத் தலைமை என்ற கருத்தை 1978இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் மெக்கிரிகர் பர்ன்ஸ் விரித்தெழுதினார். 1985இல் பெர்னார்ட் பாஸ் அதை நிர்வாகத்துறைக்குக் கொண்டுவந்தார். வெகுமதி, தண்டனை என்ற கொடுக்கல் வாங்கலோடு நில்லாமல், உடன் உழைப்பவரின் நோக்கத்தையே உயர்த்துவது இது.

ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். டர்னர் பிரிவுக்குப் கணினியால் இயங்கும் புதிய சி.என்.சி. எந்திரம் வருகிறது, பழைய லேத்தில் கைதேர்ந்த பயிற்றுநர் அதைத் தொடத் தயங்குகிறார். வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பது நிர்வாகம். அவரை ஆலைக்கு அனுப்பிப் பழக்கி, மாணவர் முன் அவரையே எந்திரத்தை ஓட்டவைக்கும் முதல்வரிடம் இருப்பதுதான் உருமாற்றத் தலைமை.

‘மாற்றத் தலைமை’ என்று சிலர் சுருக்குகிறார்கள். ‘உரு’வை விட்டுவிட வேண்டாம், ஆள் மாறுவதைச் சொல்வது அதுதான்.